இடுப்பு முறிந்த முதியவருக்கு எத்தனை மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை?

கேள்வி இது: "அம்மம்மாவுக்கு 81 வயது. பொத்துவில் பக்கம் வீடு. நேற்று விடியப்புறம் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. பிரஷர், சீனி இரண்டும் இருக்கு. இதயத்துக்கு குளொபிடோகிரல் குளிசையும் எடுக்கிறா. உடனே ஒப்பரேஷன் செய்ய வேணும் என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். இந்த வயதில் தாங்குமா, ஒரு கிழமை உடம்பைத் தேற்றிவிட்டுச் செய்தால் என்ன, கட்டாரிலிருக்கிற மாமா வரும்வரை பொறுக்கலாமா?"

பொறுக்க வேண்டாம். முறிந்த இடுப்போடு கட்டிலில் கிடக்கும் 81 வயது உடம்பு ஒரு கிழமையில் தேறாது, தேய்ந்துதான் போகும். அசைந்தால் நோகும் என்பதால் அவ ஆழமாக மூச்சு இழுக்கமாட்டா, இருமமாட்டா. இரண்டு மூன்று நாளில் நுரையீரலின் அடியில் சளி தங்கி நியூமோனியாவுக்கு வழி திறந்துவிடும். கட்டிலிலேயே சட்டி வைத்து எடுக்க வேண்டுமே என்ற கூச்சத்திலும் நோவிலும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவா. இது வெளியில் தெரியாத ஆபத்து. சிறுநீரகம் சோர்ந்து, உப்புகள் குழம்பி, இரவில் ஆளையே அடையாளம் தெரியாமல் பிதற்றத் தொடங்குவா. வால்எலும்புக்கு மேலும் குதிக்காலிலும் தோல் நசிபடுவதற்குச் சில மணித்தியாலமே போதும். அசையாத காலின் நாளங்களில் இரத்தம் கட்டியாகும். அது நுரையீரலுக்குப் போனால் ஆளே போய்விடலாம். இத்தனைக்கும் மேலே முறிந்த இடத்தில் உள்ளே இரத்தம் கசிகிறது. மூட்டுறைக்கு, அதாவது மூட்டைச் சுற்றியுள்ள பைக்கு, வெளியே முறிந்திருந்தால் ஒரு லீற்றர் வரைக்கும் தொடைக்குள்ளேயே தேங்கலாம். முதல் நாள் பார்த்த ஹீமோகுளோபின் நல்லாயிருந்தது, மூன்றாம் நாள் குறைந்துவிட்டது என்று குடும்பம் திகைப்பது இதனால்தான்.

ஆகவே வயதுபோன ஒருவரில் இந்தச் சத்திரசிகிச்சை எலும்பு ஒட்டுவதற்காக மட்டும் செய்யப்படுவதல்ல. ஆளைக் கட்டிலிலிருந்து எழுப்புவதற்கு வேறு வழி இல்லை என்பதால் செய்யப்படுகிறது.

முறிவு எங்கே என்று கேட்டு வையுங்கள். "இடுப்பு முறிந்தது" என்று நாம் சொன்னாலும் முறிவது பெரும்பாலும் தொடையெலும்பின் மேல் நுனி. கழுத்துப் பகுதியில், மூட்டுறைக்கு உள்ளே முறிந்து விலகியிருந்தால், பந்துபோன்ற தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறிய நாளங்கள் அறுந்திருக்கும். ஆணி அடித்தாலும் தலை செத்துப்போகக்கூடும். அதனால் முதியவர்களில் அந்தத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைப்பார்கள். கழுத்துக்குக் கீழே, தொடையெலும்பின் புடைப்புகளுக்கு ஊடாக முறிந்திருந்தால் அங்கே இரத்த ஓட்டம் தாராளம். தகடும் சறுக்கும் திருகாணியும், அல்லது எலும்பின் உள்ளே செலுத்தும் நீள ஆணி. விலகாத கழுத்து முறிவுக்கு இரண்டு மூன்று திருகாணி போதும். நாற்பது வயதுக்காரருக்குக் கழுத்து முறிந்தால் அவருடைய சொந்தத் தலையைக் காப்பாற்றுவதற்காக அவசரப்படுகிறோம். 81 வயதில் விலகிய கழுத்து முறிவென்றால் அந்தத் தலை எப்படியும் எடுக்கப்படப் போகிறது. அங்கே அவசரம் எலும்புக்காக அல்ல, நெஞ்சுக்கும் சிறுநீரகத்துக்கும் தோலுக்குமாக. இந்த வித்தியாசம் பிடிபட்டால் "எலும்புதானே, பிறகு பார்க்கலாம்" என்ற பேச்சு தானாக விழுந்துவிடும்.

இனி நேரக்கணக்கு. இங்கிலாந்தில் 2011இல் வந்த தேசிய வழிகாட்டல், அனுமதிக்கப்பட்ட அன்றே அல்லது மறுநாள் செய்துவிட வேண்டும் என்கிறது. அங்கே வைத்தியசாலைகளுக்கு ஊக்கப்பணம் கொடுக்கும் திட்டம் 2010இலிருந்து 36 மணித்தியாலத்தை எல்லையாக வைத்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 42,230 பேரின் பதிவுகளைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வு, 24 மணித்தியாலத்தைத் தாண்டும் இடத்தில் ஆபத்து ஏறத் தொடங்குகிறது என்று கண்டது. ஒரே நிலையிலுள்ளவர்களைச் சோடி சேர்த்து ஒப்பிட்டபோது 30 நாளுக்குள் இறந்தவர்கள், 24 மணித்தியாலத்துக்குள் செய்தவர்களில் 5.8 சதவீதம், பிந்திச் செய்தவர்களில் 6.5 சதவீதம். ஆயிரம் பேருக்கு ஏழு உயிர் வித்தியாசம்.

இந்த மாதிரிப் பதிவாய்வுகளில் ஒரு பொறி உண்டு. பிந்திப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலே வருத்தம் கூடியவர்கள். அவர்கள் இறந்தது பிந்தியதாலா, வருத்தத்தாலா என்று முழுதாகப் பிரிக்க முடியாது. அதற்காகவே 17 நாடுகளில் 2,970 பேரை எழுந்தமானமாக இரண்டாகப் பிரித்து ஒரு பரிசோதனை செய்து 2020இல் வெளியிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு முறிவு கண்டுபிடித்து ஏறத்தாழ 6 மணித்தியாலத்தில் சத்திரசிகிச்சை, மறுபக்கத்துக்கு வழமைப்படி ஏறத்தாழ 24 மணித்தியாலத்தில். 90 நாளில் இறந்தவர்கள் 9 சதவீதமும் 10 சதவீதமும். அதாவது உறுதியான வித்தியாசம் இல்லை. ஆனால் விரைவாகச் செய்தவர்களில் மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைவு, எழுந்து நின்றதும் வீடு போனதும் முந்தி.

இரண்டையும் சேர்த்து வாசித்தால், நடு இரவில் தியேட்டரைத் திறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று யாரும் பதறத் தேவையில்லை. பகலில், அனுபவமுள்ள குழு, மறுநாள் பட்டியலில் முதல் ஆளாக எடுத்தால் நன்று. 24 முதல் 36 மணித்தியாலம் நல்ல இலக்கு. 40 ஆகிவிட்டதே என்று அழவும் வேண்டாம். 48ஐத் தாண்டும்போது மட்டும், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதற்குத் தெளிவான ஒரு பெயர் இருக்க வேண்டும். பெயர் சொல்ல முடியாத காத்திருப்புத்தான் கெட்டது.

பெயர் சொல்லக்கூடியவை எவை? பிரித்தானிய மயக்கமருந்து நிபுணர்களின் வழிகாட்டல் ஒரு சின்னப் பட்டியல் தந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 8க்குக் கீழே. சோடியம் 120க்குக் கீழே அல்லது 150க்கு மேலே. பொட்டாசியம் 2.8க்குக் கீழே அல்லது 6க்கு மேலே. கட்டுக்கடங்காத சீனி. புதிதாக வந்த அல்லது கட்டுப்படாத இதயச் செயலிழப்பு. நிமிடத்துக்கு 120க்கு மேல் ஓடும், திருத்தக்கூடிய இதயத்துடிப்புக் கோளாறு. உடம்பெங்கும் பரவிய நெஞ்சுத் தொற்று. திருத்தக்கூடிய இரத்த உறைவுக் கோளாறு. இவற்றிலும் "பொறுப்பது" என்றால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதல்ல. இரத்தம் ஏற்றி, பொட்டாசியம் திருத்தி, இன்சுலின் ஓடவிட்டு, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சரிசெய்து கொண்டுபோவது.

ஒருமுறை பார்த்த பிரஷர் 170, சீனி 220 என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. நோவிலும் பயத்திலும் யாருக்கும் அது ஏறும். இதயத்தில் ஒரு முணுமுணுப்புச் சத்தம் கேட்டது, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க நாலு நாள் என்று தள்ளிப்போவதும் அடிக்கடி நடப்பது. இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் பெருநாடி வாயில் சுருங்கியிருந்தால் மயக்கமருந்து கொடுக்கும் விதம் மாறும் என்பது உண்மை. ஆனால் கட்டிலருகே எடுக்கும் ஒரு சுருக்கமான ஸ்கேனோ, "சுருக்கம் இருக்கிறது" என்றே எடுத்துக்கொண்டு கவனமாக மயக்கம் கொடுப்பதோ போதும். எக்கோவுக்காக நாட்கணக்கில் கிடத்தக் கூடாது.

இப்போது உங்கள் அம்மம்மாவின் குளொபிடோகிரல். இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் அதன் வேலை உடம்பிலிருந்து முழுதாக இறங்க ஐந்திலிருந்து ஏழு நாள் செல்லும். அதற்காகத்தான் "ஒரு கிழமை பொறு" என்ற பழைய பழக்கம் வந்தது. இப்போதைய வழிகாட்டல்கள் அதற்காகப் பொறுக்க வேண்டாம் என்கின்றன. கொஞ்சம் கூட இரத்தம் போகலாம், அதற்கு இரத்தம் ஆயத்தமாக வைப்பார்கள். முள்ளந்தண்டில் ஊசி போடுவதற்குப் பதிலாக முழு மயக்கத்தைத் தெரிவுசெய்யக்கூடும். ஆனால் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அதிக காலமாகவில்லை என்றால் நிறுத்துவதே ஆபத்து, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அஸ்பிரின் ஒரு தடையே அல்ல. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் என்றால், இரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் பார்த்து, விற்றமின் கே நாளத்தில் ஏற்றி, 1.5க்குக் கீழே கொண்டுவந்து செய்வார்கள், ஐ.என்.ஆர் தானாக இறங்கட்டும் என்று நாலு நாள் விடுவது வீண். ரிவறொக்சபான், டபிகட்ரான் போன்ற புதியவை என்றால் கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு எடுத்தா என்பதும் சிறுநீரகம் எப்படி என்பதும் முக்கியம். வழமையாக 24 முதல் 48 மணித்தியாலம் பொறுப்பார்கள். ஆகவே கிளினிக் கொப்பியையும் மேசையில் கிடக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். "வெள்ளைக் குளிசை, சின்னது" என்று வாட்டில் நின்று விளக்குவதில் அரை நாள் போய்விடும்.

"தாங்குமா" என்ற கேள்விக்கும் ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். இது ஆபத்தில்லாத சத்திரசிகிச்சை அல்ல. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஒரு வருடத்துக்குள் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இறந்துபோகிறார்கள், நல்ல வசதியுள்ள நாடுகளிலும்கூட. ஆனால் அந்த ஆபத்தில் பெரும்பங்கு முறிவோடும் முதலே இருந்த வருத்தங்களோடும் வருவது. சத்திரசிகிச்சையை விட்டால் அது குறையாது, கூடும். முழு மயக்கமா, முள்ளந்தண்டு ஊசியா என்பதில் குடும்பங்கள் வாதாடுவதுண்டு. 1,600 பேரில் செய்து 2021இல் வெளியான பரிசோதனையில், 60 நாளில் உயிரோடு நடப்பதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. மயக்கமருந்து வைத்தியரின் தெரிவுக்கு விட்டுவிடுங்கள்.

நம் பக்கத்தில், இலங்கையின் கிழக்கில், நேரம் எங்கே போகிறது? பெரும்பாலும் தியேட்டர் வாசலில் அல்ல, அதற்கு முன்னர். மேலே சொன்ன ஆய்வுகள் வைத்தியசாலைக்கு வந்த நேரத்திலிருந்தோ முறிவைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்தோ எண்ணுகின்றன. உடம்பு விழுந்த நேரத்திலிருந்து எண்ணுகிறது. வாகரையிலோ திருக்கோவிலிலோ விழுந்தவர், எண்ணெய் தடவி ஒரு நாள், முறிவு பார்க்கிற பரியாரியிடம் பற்றுப் போட்டு இரண்டு நாள் என்று கழித்துவிட்டு வந்தால் "24 மணித்தியாலத்தில் செய்துவிட்டோம்" என்பதில் பெரிய அர்த்தமில்லை. கை மணிக்கட்டுக்குக் கட்டுப்போடலாம். இடுப்பை வெளியிலிருந்து கட்டி நிறுத்த முடியாது. தொடைச் சதைகள் எலும்பை மேல்நோக்கி இழுத்துக்கொண்டேயிருக்கும், எந்தப் பற்றும் அதைப் பிடிக்காது. தடவி இழுப்பதால் விலகாத முறிவு விலகிப்போகும். மூன்று திருகாணியில் முடிந்திருக்க வேண்டியது மூட்டுமாற்றாகிவிடும்.

விழுந்தவரின் கால் மற்றக் காலைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் ஏமாற்றும் முறிவுகளும் உண்டு. எலும்பு ஒன்றுக்குள் ஒன்று இறுகி நின்றால் ஆள் நொண்டி நடந்தே வருவார். சிலருக்கு நோவு முழங்காலில்தான் தெரியும். முழங்காலை எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பினால் முடிந்தது கதை. படுத்தபடி காலை நேராகத் தூக்க முடியாத, இடுப்புக் கவட்டில் நோகிற முதியவருக்கு இடுப்பு எக்ஸ்ரே கேட்டு எடுப்பியுங்கள். அதிலும் தெரியாமல் நோவு தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ அல்லது சி.டி தேவைப்படும்.

1990 சுவசெரிய அம்பியூலன்ஸுக்கு அடியுங்கள், அது இலவசம். முச்சக்கரவண்டியில் இருத்திக்கொண்டு போகாதீர்கள். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். மார்கழி மழையில் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும் நாட்களில் அது இன்னும் நீளும். அம்பியூலன்ஸ் கிட்ட உள்ள வைத்தியசாலைக்கே கொண்டுபோகும். அங்கே எக்ஸ்ரே பார்த்தவுடன், எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கிற இடத்துக்கு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறை பொது வைத்தியசாலைக்கோ அல்லது வேறெங்குமோ, எப்போது மாற்றுவீர்கள் என்று அன்றைக்கே கேளுங்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் அந்த இரவும் கணக்கில் சேரும். மாற்றும்போது எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை முடிவு, ஈ.சி.ஜி மூன்றும் கூடவே போகவேண்டும். இல்லாவிட்டால் அங்கே முதலிலிருந்து தொடங்குவார்கள். பொருத்தும் உலோகம் கையிருப்பில் இல்லை, வெளியே வாங்க வேண்டும் என்றால் அதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். தியேட்டருக்குப் போகும் காலையில் கொழும்புக்கு ஓடர் கொடுத்துப் பிரயோசனமில்லை.

காத்திருக்கும் இரவில் நோவைக் குறைப்பது சிகிச்சையின் பாதி. பரசிற்றமோல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 1 கிராம். ஆள் 50 கிலோவுக்குக் குறைவென்றால் அளவையும் குறைக்க வேண்டும், நம் அம்மம்மாமார் பலர் அதற்குக் குறைவுதான். கவட்டுக்குக் கீழே போடும் நரம்பு விறைப்பூசி நல்ல பலன் தரும், வசதி இருந்தால் கேளுங்கள். டைக்குளோபினாக் ஊசியோ ஆசனவாய்க் குளிசையோ வேண்டாம். தண்ணீர் வற்றிய முதியவரின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். காலில் கல் கட்டித் தொங்கவிடும் இழுவை பழைய வழக்கம். அதனால் நோவு குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை, தோல்தான் புண்ணாகும். சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன்னும் வெறும் தண்ணீர் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னும் நிறுத்தினால் போதும். நடப்பதோ வேறு: இரவு பத்துமணியிலிருந்து பட்டினி, பகல் இரண்டு மணிக்கு "இன்று இல்லை" என்ற செய்தி, மறுநாளும் அதே விரதம். பட்டியலிலிருந்து பெயர் எடுபட்டால் உடனே சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கச் சொல்லுங்கள், சேலைன் ஏறுகிறதா என்று பாருங்கள்.

முடிந்த மறுநாளே எழுப்பி நிறுத்த வேண்டும். "தையல் காயட்டும்" என்று பத்து நாள் கிடத்தினால் விரைந்து செய்ததன் பலன் போச்சு. மருத்துவர் மறுத்துச் சொன்னாலொழிய முழுப்பாரமும் வைத்து வோக்கர் பிடித்து நடக்கலாம். உலோகமும் அதை எலும்போடு பிடிக்கும் சீமெந்தும் அதற்காகவே வைக்கப்பட்டவை. இரத்தம் கட்டாமலிருக்க எனொக்சபரின் 40 மில்லிகிராம் ஊசி தினமும், வழமையாக நாலைந்து கிழமை. சிறுநீரகம் சோர்ந்திருந்தால் குறைப்பார்கள். சிறுநீர்க் குழாயை ஓரிரு நாளில் கழற்றிவிட வேண்டும். பின்னேரமானால் குழம்பிப் பேசினால் கட்டி வைக்காதீர்கள். கண்ணாடியைப் போட்டுவிட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலிருந்து இன்று என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டிருந்தால் பாதி அடங்கும். மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, நோவு, தொற்று இவற்றில் ஒன்று பெரும்பாலும் அடியில் இருக்கும். முட்டை, மீன், பருப்பு தாராளமாகக் கொடுங்கள். வெட்டுக்காயத்துக்கு மீன் ஆகாது என்று பத்தியம் வைத்துத்தான் பலருக்குக் காயம் ஆறாமல் கிடக்கிறது.

உலோகத் தலை வைத்திருந்தால் முதல் ஆறு தொடக்கம் பன்னிரண்டு கிழமை குந்தக் கூடாது, தாழ்ந்த கதிரையில் இருக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. பாயில் படுக்கிறவ என்றால் கட்டில் வேண்டும். குந்துகிற கழிப்பறை என்றால் கொமட் கதிரை வேண்டும். தொழுகிறவர்கள் கதிரையிலிருந்து தொழட்டும். கால் திடீரென்று கட்டையாகித் திரும்பினால் மூட்டு விலகியிருக்கிறது. கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் போங்கள்.

எலும்பு மருந்து எழுதித் தரவில்லையென்றால் கேளுங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தாலே அது எலும்புத் தேய்வு, வேறு ஸ்கேன் வந்துதான் தெரிய வேண்டுமென்பதில்லை. விற்றமின் டி, கல்சியத்தோடு அலெண்ட்ரோனேற் 70 மில்லிகிராம் கிழமைக்கு ஒருமுறை, வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீருடன், பிறகு அரை மணித்தியாலம் படுக்காமல். வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஸொலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம் பற்றி 2007இல் வந்த பரிசோதனையில், இடுப்பு முறிந்த 2,127 பேரில் மருந்து பெற்றவர்களில் 9.6 சதவீதமும் பெறாதவர்களில் 13.3 சதவீதமும் இறந்தார்கள். ஓர் எலும்பு மருந்து உயிரையும் நீட்டியது என்பதால் அந்த முடிவு பெரிதாகப் பேசப்பட்டது. சிறுநீரகம் மோசமென்றால் இரண்டும் ஒத்துவராது.

சத்திரசிகிச்சை வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடமும் ஒன்று உண்டு. முதலே மரணப்படுக்கையில், நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறவர் விழுந்தால், நோவை மட்டும் அடக்கிப் பார்ப்பது நியாயமான தெரிவு. பொத்துவிலில் தன் பாட்டில் நடந்து திரிந்த அம்மம்மா அந்த வகையல்ல.

கடைசியாக மாமா. அம்மம்மாவுக்குப் புத்தி தெளிவாக இருந்தால் சம்மதக் கையொப்பம் அவவுடையது, வேறு யாருடையதும் அல்ல, விளங்கப்படுத்திக் கேளுங்கள். மாமாவுக்கு வாட்சப்பில் எக்ஸ்ரேயைக் காட்டி டொக்டரோடு பேச வையுங்கள். அவருக்கு லீவு கிடைப்பது ஒருமுறைதான் என்றால், அதை அம்மம்மா வீட்டுக்கு வருகிற இரண்டாம் கிழமைக்கு எடுக்கட்டும். கொமட் கதிரை வாங்கவும், குளியலறையில் பிடி அடிக்கவும், வாசலில் அந்த வழுக்குகிற தரைக்கு ஏதாவது செய்யவும், காலையும் மாலையும் வோக்கரோடு முற்றத்தில் நடத்தவும் அப்போதுதான் ஓர் ஆண் கை தேவைப்படும்.